'புஸ் புஸ்' மூச்சும் சங்கு குளிக்கும் தம்பியும்

கேள்வி: எங்கள் அம்மா பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர். தம்பி சங்கு குளிக்கப் போகிறான். முங்குவதற்கு முன்னால் 'புஸ் புஸ்' என்று முப்பது நாற்பது தடவை வேகமாக மூச்சு விட்டால் மூளைக்கு ரத்தம் அதிகம் பாயும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே அது தெரிந்திருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தானாம். இப்போது தினமும் அப்படித்தான் செய்கிறான். முன்பைவிட அதிக நேரம் தம் கட்ட முடிகிறது என்கிறான். உண்மையா?
(ஒரு வாசகி, பாம்பன்)

பதில்: அதிக நேரம் தம் கட்ட முடிகிறது என்பது உண்மை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் அதிகம் பாயும் என்பது பொய். நடப்பது அதற்கு நேர் எதிர்.

ஆரோக்கியமான ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கும். எவ்வளவு ஊதினாலும் மேற்கொண்டு ஏற்ற இடமில்லை. மளமளவென்று வெளியேறுவது கரியமில வாயு. மூளையின் சிறு தமனிகள் விரிவதும் சுருங்குவதும் அந்த வாயுவை வைத்துத்தான். ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 40 மி.மீ. பாதரச அளவு. அது 20-க்கு இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஊதி முடித்ததும் தம்பிக்குத் தலை கிறுகிறுக்கிறதா, விரல் நுனி மரத்துப்போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீடியோக்காரர் அதைச் 'சக்தி ஏறுகிறது' என்று சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை.

சரி, ஸ்கேன் விஷயம். எம்.ஆர்.ஐ. யாருடைய சிந்தனையையும் படம் பிடிப்பதில்லை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் காந்த குணம் உண்டு. அது ஸ்கேன் கருவிக்குக் கிடைக்கும் சிக்னலை மங்கவைக்கும். புது ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தால் சிக்னல் கூடும். 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிகள் சுவாசிக்கும் வாயுவை மாற்றிக் கொடுத்துத்தான் இதைக் காட்டினார்கள். ஆக, மூச்சு மாறினாலே படமும் மாறும். உள்ளே படுத்திருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், சில விநாடிகளில் மூளையில் பரவலாகச் சிக்னல் ஆடும். அதனால்தான் ஆய்வாளர்கள் வயிற்றில் பெல்ட் கட்டி மூச்சை அளந்து, அந்தக் கணக்கைக் கழித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறார்கள். வண்ணப் படத்தைக் காட்டி 'மூளை விழித்துக்கொண்டது' என்பவரிடம், பெல்ட் கட்டினீர்களா என்று கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை: ஸ்கேனில் ரத்தம் கூடுவது தம் கட்டும்போதுதான். 15, 20 விநாடி மூச்சை நிறுத்தச் சொல்லி, மூளையின் ரத்தக் குழாய்கள் சரியாக விரிகின்றனவா என்று சோதிக்கும் முறையே இருக்கிறது. (உடனே, தம் கட்டினால் ஞாபகசக்தி வளருமா என்று யாரும் கடிதம் போட வேண்டாம். வளராது.) இதெல்லாம் புதுச் செய்தியும் இல்லை. கரியமில வாயு ஏறினால் மூளை ரத்தம் கூடுகிறது என்று எம்.ஆர்.ஐ. வருவதற்கு வெகு முன்பே, 1948-ல், அமெரிக்க ஆய்வாளர்களான கெட்டியும் ஷ்மிட்டும் இளைஞர்களிடம் அளந்து எழுதிவிட்டார்கள்.

இனி கடலுக்கு வருவோம். 'மூச்சு முட்டுது, மேலே போ' என்று நம்மை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உள்ளே சேர்ந்துபோன கரியமில வாயு. அதை முன்கூட்டியே ஊதித் தள்ளிவிட்டு முங்கினால் அந்த எச்சரிக்கை நேரத்துக்கு வராது. ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். ஏறி வரும்போது இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மேலே வர வர அது குறையும். நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே விழும். முங்கியவர் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, எந்தத் தவிப்பும் இல்லாமல், அப்படியே மயங்கிப்போவது இதனால்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். பாசி இருக்கும் இடத்தைவிடச் சங்குக்கு ஆழம் போக வேண்டும் என்பது உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தம்பி அந்தப் 'புஸ் புஸ்'ஸை இன்றே நிறுத்தட்டும். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்து, கடைசியில் ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சோடு முங்கினால் போதும். ஒரு முங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். அப்புறம், தனியாகப் போகவே கூடாது. ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் தலை வெளியே வந்த பிறகும் அரை நிமிடமாவது கண்ணை எடுக்கக் கூடாது. முதல் மூச்சு வாங்கிய பிறகும் மயங்குகிறவர்கள் உண்டு.