ரோலான் பாடலை எழுதியது ஒரு கவிஞனா, பல தலைமுறைப் பாணர்களா?

பிரெஞ்சின் பழைய வீரகாவியமான 'ரோலான் பாடல்' நடந்த கதையா, அதை எழுதியவர் யார் என்பதில் அறிஞர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலையில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நடந்தது கொஞ்சம்தான். 778 ஆகஸ்டில் பிராங்க் மன்னர் சார்லமேனின் படை ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலிருக்கும் பிரெனே மலைக் கணவாயில், பின்படையை அந்தப் பக்கத்து பாஸ்க் மக்கள் மடக்கி வெட்டிப்போட்டார்கள். மன்னரின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், செத்தவர்களில், பாடலின் நாயகனான ரோலான் பெயரையும் சொல்கிறார். அதுவும் சில பிரதிகளில் கிடையாது. பாடலில் பாஸ்க்காரர்களையே காணோம். அங்கே எதிரிகள் சாரசேனியர் (ஸ்பெயினின் முஸ்லிம்கள்), காட்டிக்கொடுப்பவன் ரோலானின் மாற்றாந்தகப்பன் கனலோன்.

கிடைத்திருக்கும் பிரதிகளில் பழையது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுப் பிரதி, சுமார் 4000 வரி. 1837-இல்தான் முதலில் அச்சேறியது. கடைசி வரியில் துரோல்துஸ் என்று ஒரு பெயர் வருகிறது. அவர் கவிஞரா, பாடியவரா, பிரதி எடுத்தவரா என்பது தீரவில்லை. அப்படியானால் சம்பவத்துக்கும் பாடலுக்கும் நடுவில் போன முந்நூறு வருஷத்தில் என்ன நடந்தது? சண்டையே இதில்தான்.

சம்பவம் நடந்த கையோடு பாட்டுகள் பிறந்து, வாய்வழியாக வளர்ந்து காவியமாயின என்பது 19-ஆம் நூற்றாண்டில் செல்வாக்காக இருந்த கட்சி. காஸ்தோன் பாரி அதன் பெரிய பெயர். (1870 டிசம்பரில், பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருக்க, இவர் இந்தப் பாடலையும் பிரெஞ்சு தேசியத்தையும் பற்றி விரிவுரை நடத்தினார். இந்தத் துறையில் அரசியல் எப்போதும் கூடவே இருந்திருக்கிறது.) அவருடைய மாணவர் ழோசப் பெதியே 1908-இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில் இதைத் தலைகீழாக்கினார்: யாத்திரைப் பாதைகளின் தேவாலயங்களில் புழங்கிய கதைகளை எடுத்து, 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு கவிஞன் படைத்தது என்றார். பாடலே அவருக்குச் சாட்சி. ரோலானின் கொம்பைப் பொன்னால் நிரப்பி போர்தோ நகரின் சேன்-சுரேன் தேவாலயத்தில் வைத்தார்கள், யாத்ரீகர்கள் அதை அங்கே பார்க்கிறார்கள் என்று அதில் வருகிறது.

பெதியே ஜெயித்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். அப்புறம் 1950-களில் ஸ்பானிய அறிஞர் தாமசோ அலோன்சோ ஒரு சின்ன லத்தீன் குறிப்பை வெளியிட்டார். ஸ்பெயினின் சான் மில்யான் மடத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருந்தது அது. காலம் சுமார் 1065-1075 என்று கணித்தார். அதில் ரோலான், அவன் தோழன் ஒலிவியே, பேராயர் துர்ப்பேன் எல்லோரும் இருக்கிறார்கள், கொன்றவர்களும் சாரசேனியராகிவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் பிரதியில் அந்தப் போரில் இல்லாத, வேறு பிரெஞ்சு வீரகாவியங்களின் நாயகனான கியோமும் அங்கே நிற்கிறார். ஆக, வேறொரு வடிவம் முன்பே எங்கோ பாடப்பட்டிருக்கிறது. இன்னொரு ஸ்பானிய அறிஞர் மெனந்தெஸ் பிதால் இதை வைத்து வாய்வழி மரபுக் கட்சியை மறுபடி தூக்கி நிறுத்தினார்.

என் கட்சியைக் கேட்டால்: கதை பாணர்களுடையது, ஆக்ஸ்ஃபோர்ட் பாட்டு ஒருவருடையது. கொம்புக் காட்சியைப் பாருங்கள். எதிரிப்படையைப் பார்த்ததும் ஒலிவியே, கொம்பை ஊது, அரசர் திரும்பி வருவார் என்கிறான். ரோலான் மறுக்கிறான், மானம் போகும் என்று. மூன்று பத்திகளில் அதே கேள்வி, அதே மறுப்பு, ஓசை மட்டும் மாறுகிறது. இது மேடையில் பாடுகிறவன் உத்தி என்று ஆய்வாளர் ழான் ரிஷ்னே 1955-இல் காட்டினார், சரிதான். ஆனால் அறுநூறு வரிக்குமேல் தாண்டி, படை அழிந்தபின் ரோலானே ஊதுகிறேன் என்கிறபோது, இப்போது ஊதினால்தான் மானக்கேடு என்று ஒலிவியே அவன் சொன்னதையே அவன் மேல் திருப்பி வீசுகிறான். பேராயர் வந்து விலக்கிவிட வேண்டியிருக்கிறது. இவ்வளவு தூரத்தில் ஒரு காட்சியை இன்னொன்றோடு கோர்த்தவர், முழுப் பாட்டையும் மனதில் வைத்திருந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

படிக்க நினைத்தால், பழைய பிரெஞ்சும் நவீன பிரெஞ்சும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் பதிப்பாக வாங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் படித்தால் போதும்.