வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்க வேண்டும்

பவானியில் 31 வருடமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது வண்டியிலேயே வெளி மாநிலம் போய் வருவேன். நெடுந்தூரப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்டது ஒன்றைத்தான்: போகிற இடத்தில் வண்டி திருடு போய்விட்டால்? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

அண்ணா, வணக்கமுங்க. பெருந்துறை சிப்காட்டில் வேலை செய்கிறேன். தை மாசம் நாங்கள் மூன்று பேர், மூன்று வண்டியில் கன்னியாகுமரி போய், கேரளக் கரையோரமாக ஏறி, வாளையார் வழியாகத் திரும்பலாம் என்று இருக்கிறோம். ராத்திரி லாட்ஜில் நிம்மதியாகத் தூங்க எந்தப் பூட்டு வாங்கலாம்? ஆளுக்கு ரெண்டாயிரம் வரை செலவு செய்ய முடியும்.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

தம்பி, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் நானும் என் மச்சானும் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும்போது வழியில் ஒரு ஊரில் ரூம் எடுத்தோம். 2001-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். லாட்ஜை ஒட்டிய சந்தில் நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். விடியக்காலை அஞ்சு மணிக்கு இறங்கி வந்தால், சைடு ஸ்டாண்டு அழுந்திய குழி மட்டும் மண்ணில் இருந்தது. அந்தக் குழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஹேண்டில் லாக்கை நம்பாதே. உள்ளே இருப்பது சின்ன இரும்பு முளை. காலால் பலமாக உதைத்தால் முறிந்துவிடும். அப்படி முறிந்த வண்டிகளை என் கடையில் நிறையப் பார்த்துவிட்டேன். பழைய வண்டி என்றால் அதுகூட வேண்டாம். சாவித் துவாரம் தேய்ந்து போய், எவன் வீட்டுச் சாவியோ உள்ளே போய்த் திரும்பும்.

சரி, பூட்டுக்கு வருவோம். ஆளுக்கு ஒரு டிஸ்க் லாக் (டிஸ்க் பிரேக் தட்டின் ஓட்டையில் மாட்டும் பூட்டு), மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கனமான சங்கிலி. இதுதான் என் கணக்கு. டிஸ்க் லாக்கைப் பளிச்சென்ற நிறத்தில் வாங்கு. அதிலிருந்து ஹேண்டில் வரைக்கும் ஒரு நினைவூட்டுக் கயிறும் மாட்டிவிடு. காலையில் பூட்டை மறந்து வண்டியை நகர்த்திக் கீழே விழுந்தவர்கள் உண்டு. ஆனால் டிஸ்க் லாக் போட்ட வண்டியை உருட்டத்தான் முடியாதே தவிர, தூக்க முடியும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலி எதற்கு என்றால் அதற்குத்தான்.

இரும்புக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலி வேண்டாம். அதைக் கட்டர் ஒரே கடியில் அறுத்துவிடும். கடினப்படுத்திய எஃகு என்று சொல்லி விற்கும் சங்கிலியாக, துணி உறை போட்டதாக வாங்கு. அதைப் பின்சக்கரத்துக்குள் விட்டு, வண்டியின் சட்டத்தோடும் ஒரு தூணோடும் சேர்த்துப் பூட்டு. முன்சக்கரத்தில் மட்டும் பூட்டினால் ஒரு ஸ்பேனரை வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று, சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, இன்னொரு பிடியின் மேல் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வசதியாகிவிடும். தூக்கிக் கட்டினால் கை பலம் மட்டும்தான் அவனுக்கு. தூண் கிடைக்காத ஊரில் மூன்று வண்டியையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிணைத்துவிடுங்கள். அப்புறம் முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண வண்டி உறை வாங்கிப் போர்த்து. உள்ளே என்ன வண்டி, என்ன பூட்டு என்று தெரியாத ஒன்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் திறந்து நிற்பதைத்தான் பார்ப்பான்.

இத்தனையும் போட்டால் திருடனுக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் வேலை, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷத்தில் யாராவது பார்க்க வேண்டும். யாரும் பார்க்காத சந்தில் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. என் ஸ்பிளெண்டர் போனது அந்தச் சந்தினால்தான்.

எங்கள் அப்பாரு மாட்டு வியாபாரி. கண்ணபுரம் தேருக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் மாடு ஓட்டிப் போவார். சந்தைத் திடலில் ஆயிரக்கணக்கில் மாடு நிற்கும். ராத்திரி படுப்பதற்கு முன் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அதோடு நிற்க மாட்டார். பக்கத்துக் கட்டுத்தரைக்காரரிடம் போய் உட்கார்ந்து, வெத்தலை மடித்துக் கொடுத்து, ஊர் பேர் விசாரித்துவிட்டு, "நம்ம மாட்டையும் ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்து படுப்பார். நான் 2006-க்கு அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அதையே செய்கிறேன். ரூம் பார்ப்பதற்கு முன் வண்டி நிற்கும் இடத்தைப் பார்க்கிறேன். கேட்டுக்கு உள்ளே, வெளிச்சத்தில், கேமரா பார்வையில் இடம் இல்லை என்றால் அடுத்த லாட்ஜ். இடம் கிடைத்தால் ராத்திரி காவலுக்கு இருப்பவர் பேர் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, என் வண்டி நம்பரைச் சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு எடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் யாராவது அந்த வண்டியில் கை வைத்தால் அவருக்கு உறுத்தும். பாஷை தெரியாத ஊரிலும் இது நடக்கும். ஹம்பிப் பக்கம் ஒரு பெரியவர் என் வண்டிக்கு எதிரே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் அரைகுறை.

வாடகை கொஞ்சம் கூடினாலும் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துத் தங்குங்கள். பூட்டுக்கு எடுத்து வைத்த காசில் குறைத்தாவது அதைச் செய்யலாம்.

அண்ணா, நான் ஸ்கூட்டரில் தனியாக மைசூரு வரை போக ஆசைப்படுகிறேன். வண்டியைவிடப் பைதான் கவலை. சாப்பிட இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் கழற்றித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?
— வாசகி, தாராபுரம்

முடியாது அம்மிணி, வேண்டியதும் இல்லை. பணம், போன், மாத்திரை, வண்டியின் இன்னொரு சாவி எல்லாம் இடுப்புப் பையில், எப்போதும் உடம்போடு. வண்டியில் கட்டுகிற பையில் துணிமணி மட்டும். அது போனாலும் பயணம் நிற்காது.

ஒரிஜினல் ஆர்சியை மட்டும் சீட்டுக்கு அடியில் வைத்துவிடாதே. வண்டியோடு ஆர்சியும் கிடைத்தால் அவனுக்கு விற்பது சுலபமாகிவிடும். போனில் டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருக்கும் ஆர்சியும் லைசென்ஸும் சட்டப்படி செல்லும். கர்நாடக போலீஸிடமும் அதைக் காட்டலாம். ஒரிஜினல் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய பார்க்கிங் உள்ள ஹோட்டலைத் தேடாதே. சாலையோரச் சின்னக் கடையில், உன் இலைக்கு எதிரே வண்டி நிற்கிற மாதிரி உட்கார். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்துவிட்டு ஆசனூரில் டீ குடிக்கும்போது வரும் குளிர்ச்சி இருக்கிறதே, அதை நீ நிம்மதியாக அனுபவிக்க வேண்டும். போய் வா.

எனது பைக் பாலக்காட்டில் திருடு போய்விட்டது. 2022-இல் வாங்கியது. ஷோரூமில் ஐந்து வருட இன்சூரன்ஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது கேட்டால் திருட்டுக்குப் பணம் வராது என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், திருப்பூர்

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு மனசு கனத்துவிட்டது. இதே நிலைமையில் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் பலர்.

2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நீங்கள் யார் மேலாவது இடித்துவிட்டால் அவருக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு அதில் வரும். உங்கள் வண்டி திருடு போனால் ஒரு பைசாகூட வராது. திருட்டு, விபத்தில் உங்கள் வண்டிக்கு வரும் சேதம் எல்லாம் 'ஓன் டேமேஜ்' என்ற இன்னொரு பகுதியில் வரும். அது பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருக்கும். வருடா வருடம் நாம்தான் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். உங்கள் பாலிசியை எடுத்து, ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். திருட்டு நடந்த நாள் அதற்குள் இருந்தால் பணம் கேட்க முழு உரிமை உண்டு.

மற்ற வாசகர்கள் இதைப் படித்த கையோடு தங்கள் பாலிசியைப் பார்க்க வேண்டும். ஓன் டேமேஜ் முடிந்திருந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம், வேறு கம்பெனியிலும் வாங்கலாம். கிடைக்கும் தொகை ஐடிவி என்று பாலிசியில் போட்டிருக்கும் மதிப்புதான். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் உள்ள வண்டிக்கு 20 சதவீதம், நான்கு தாண்டி ஐந்துக்குள் என்றால் 50 சதவீதம் என்று தேய்மானம் கழிப்பார்கள்.

வெளியூரில் வண்டி போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே 112-க்குப் போன் செய்து, பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில், எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று இருக்கிறது. எப்ஐஆர் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். போலீஸில் உடனே புகார் கொடுத்துவிட்டு, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டி நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கு வரை நாம் ஏன் போக வேண்டும்? ஆர்டிஓ அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

அப்புறம் சாவி. கம்பெனி ரெண்டு சாவியையும் கேட்கும். ஒன்று இல்லை என்றால், வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்று கேள்வி வரும். போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் நகரும். வண்டி மேல் கடன் இருந்தால் அந்தத் தொகை முதலில் பைனான்ஸுக்குப் போய்விடும்.

ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கனில் 'வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறார்களே, அப்படியானால் காசு எதற்கு?
— வாசகர், ஈரோடு

நியாயமான கோபம். டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் 1998-இல் சாவியோடு ஒப்படைத்த கார் திருடு போனது. அங்கேயும் இதே மாதிரி வாசகம் அச்சடித்த சீட்டு கொடுத்திருந்தார்கள். வண்டியைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சாவியை ஊழியரிடம் கொடுத்த வழக்கு. நம் ஊர் ஸ்டாண்டில் சாவி நம் கையில்தான் இருக்கும், அதனால் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். நிறுத்திய வண்டியை, நம்பர் தெரிய, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிறுத்தினோம் என்பதற்கு அது சாட்சி.

ஜிபிஎஸ் மாட்டலாமா? எங்கள் பக்கம் மலைக்குள் டவரே கிடைக்காதே.
— வாசகர், சத்தியமங்கலம்

மாட்டலாம். பன்னாரி தாண்டினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், உண்மை. நல்ல கருவியாக இருந்தால் டவர் இல்லாத இடத்தில் போன பாதையைச் சேமித்து வைத்து, டவர் வந்ததும் அனுப்பிவிடும். வண்டி பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் ஓடும்படி உள்பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். போனிலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதியை நான் யாருக்கும் மாட்டிக் கொடுப்பதில்லை. ஓடுகிற வண்டி மலைப்பாதையில் திடீரென்று நின்றால் பின்னால் வருகிறவர் உயிர் போகும். வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் தெரிந்தாலும் நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். போலீஸோடு போங்கள்.

திருடு போன வண்டி கிடைத்துவிட்டது, ஸ்டேஷனில் நிற்கிறது. எப்படி வாங்குவது?
— வாசகர், அந்தியூர்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வழக்கு நடக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில், ஆர்சி, இன்சூரன்ஸ், எப்ஐஆர் நகலோடு வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். வழக்கு முடியும் வரை வண்டியை ஸ்டேஷனில் போட்டு வைக்க வேண்டியதில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதி வாங்கி உரிமையாளரிடம் கொடுக்கலாம் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் பணம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், வண்டி இப்போது அவர்களுடையது.

என் ஸ்பிளெண்டரும் கிடைத்தது. நம்பர் பிளேட்டை மாற்றி, டேங்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்ஜின் நம்பரை ராவிவிட்டிருந்தார்கள். ஹேண்டில் பார் குழாய்க்குள் என் பேரும் பவானி கடை விலாசமும் எழுதிய தாளைப் பிளாஸ்டிக்கில் சுருட்டி, கிரிப்பை மாட்டி மூடி வைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது. அதைப் போலீஸ்காரர் முன்னால் உருவி எடுத்தபோது என் கை நடுங்கியது. வண்டியைக் கோர்ட் மூலம் வாங்கி வர ஒன்பது மாதம் ஆனது. சக்கரக் கம்பிகளுக்குள் அருகம்புல் முளைத்திருந்தது.

உங்கள் வண்டியை வாங்கியதும் அங்கேயே ஸ்டார்ட் செய்யாதீர்கள். உருட்டியோ, குட்டியானையில் ஏற்றியோ கடைக்குக் கொண்டு வாருங்கள். பழைய பெட்ரோலை இறக்கி, ஆயிலை மாற்றி, பிரேக்கைக் கழற்றிப் பார்த்த பிறகு கிக்கரை மிதிக்கலாம். பவானிப் பக்கம் வந்தால் நானே பார்த்துத் தருகிறேன்.