"கீழ நிக்கிறம், இறங்கி வா" எண்டா என்னத்தப் போடுறது?

என்னத்த வாங்கலாம் எண்டு வாசகர் இந்தமுறை அனுப்பின கேள்வியள்ல கனக்க உடுப்புப் பற்றித்தான், அதுவும் ப்ளான் ஒண்டும் இல்லாம ஃப்ரெண்ட்ஸோட டக்கெண்டு வெளிக்கிடுற விசயம். அதால ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் கேட்டவை கொஞ்சம் பொறுங்கோ, அடுத்தமுறை உங்கட டேர்ன்.

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தை. வேலையால வந்து குளிச்சிட்டு இருக்கேக்க ஃப்ரெண்ட்ஸ் கோல் எடுத்து கீழ நிக்கிறம் இறங்கி வா எண்டுவினம். காலிமுகத்திடல், இல்லாட்டி கல்கிசை, சிலநேரம் சும்மா மரைன் டிரைவ்ல ஒரு சுத்து. அலுமாரி நிறைய உடுப்பு, ஆனா அந்த நேரத்தில போட ஒண்டும் இல்ல. இதுக்கெண்டு புதுசா என்ன வாங்கலாம்?

பதில்: அலுமாரி நிறைய இருந்தும் ஒண்டும் போடேலாமக் கிடக்கு எண்டா அதில பாதிக்கு மேல அயன் பண்ணவேண்டிய உடுப்பாத்தான் இருக்கும், பார்க்காமலே சொல்லுவன். திடீரெண்டு வெளிக்கிடுறதுக்கு எண்டு வாங்கேக்க ஸ்டைலை ரெண்டாவதா வையுங்கோ தங்கச்சி, முதல்ல பார்க்கவேண்டியது துணி.

உதாரணத்துக்கு லினனை எடுங்கோவன். கடையில தொங்கேக்க சோக்கா இருக்கும், வெக்கைக்கும் நல்லது, அதில பிழை சொல்லேலாது. ஆனா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கொள்ளுப்பிட்டி ட்ராஃபிக்ல கொஞ்ச நேரம் இருந்திட்டு இறங்கினா நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு மடிப்பு, மடியில நாலு மடிப்பு, பின்பக்கம் கேக்கவே வேண்டாம். லினன் கசங்கினாத்தான் வடிவு எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அவை தாராளமா வாங்கட்டும்.

எனக்கெண்டா க்ரிங்கிள் கொட்டன், அதாவது முதலே சுருக்கம் வச்சு வாற கொட்டன், இல்லாட்டி சீயர்சக்கர்தான். சீயர்சக்கர்ல நெய்யேக்கயே சில நூலை இறுக்கியும் சில நூலைத் தொய்யவும் விடுவினம், அதால துணி மேடும் பள்ளமுமா வரும், அயன் தேவையில்ல, உடம்போட ஒட்டாம இடையில காத்தும் போகும், கொழும்புப் புழுக்கத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும். அடுத்தது ரேயோன், விஸ்கோஸ் எண்டு லேபல்ல இருக்கிறதும் அதுதான். மெத்தெண்டு விழும், ப்ரிண்டும் வடிவா பிடிக்கும், ஆனா முதல் தோய்ப்பில சுருங்கும். அதால நீளம் கொஞ்சம் கூட இருக்கிறதா எடுங்கோ, ஈரமா இருக்கேக்க நூல் பலம் குறைவு எண்டபடியா முறுக்கிப் பிழியவும் வேண்டாம். பொலியெஸ்டர் ஜோர்ஜெட் கசங்காதுதான், ஏசி கார்ல ஏறி ஏசி கடையில இறங்கிற ஆக்களுக்கு அது பரவாயில்ல, காலிமுகத்திடல்ல நடக்கிற ஆக்களுக்கு அது தண்டனை.

கடையில நிண்டு செய்யக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்கு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். உடுப்பின்ர கீழ் ஓரத்தைக் கையில பொத்திப் பிடிச்சு இறுக்கி, பத்து எண்ணிப்போட்டு விடுங்கோ. சுருக்கம் மெல்ல மெல்ல விரிஞ்சு போகுதெண்டா வாங்கலாம். கடதாசி கசக்கின மாதிரி அப்பிடியே நிக்குதெண்டா திருப்பித் தொங்கவிட்டிட்டு வாங்கோ, உங்களுக்கு அது அயன் உடுப்பு. பிறகு வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, கடை லைட்டுக்கே விரல் தெரிஞ்சா பின்னேர வெயிலுக்கு எல்லாம் தெரியும்.

கலர்ல ஒரு விசயம். சாம்பல் கலர் டீசேர்ட் மாதிரி வேர்வையைக் காட்டிக் குடுக்கிற உடுப்பு வேற இல்ல, லைட் நீலமும் அப்பிடித்தான். வெள்ளை, கடும் நீலம், கறுப்பு, சின்னச் சின்ன ப்ரிண்ட், இதுகள் மறைக்கும். அதில ப்ரிண்ட்தான் என்ர ஓட்டு, ஏனெண்டா இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை, அதின்ர எண்ணெய் எப்பிடியும் ஒரு சொட்டு விழும்.

அப்ப என்ன வாங்கிறது எண்டா, கடும் கலர்ல ப்ரிண்ட் போட்ட ரேயோன் டொப் ஒண்டு, பின்பக்கம் இலாஸ்டிக் வச்ச நேரான கொட்டன் பான்ட் ஒண்டு, பொக்கட் கட்டாயம் இருக்கவேணும். அது ரெண்டையும் ஒரே ஹாங்கர்ல போட்டு முன்னுக்குத் தொங்கவிடுங்கோ. சுத்திக் கட்டுற பாவாடை, ரப் ஸ்கேர்ட் எண்டு விக்கிறது, அது கடற்கரைக் காத்துக்கு சரிவராது, பிடிச்சுக்கொண்டே நடக்கவேண்டி வரும்.

கேள்வி: நல்ல சப்பாத்து ஒண்டு வாங்கி விசேசத்துக்கெண்டு பெட்டியிலயே வச்சிருந்தன். போன மாசம் நீர்கொழும்புக்கு ஃப்ரெண்ட்ஸோட போகேக்க போட்டா, கார்ல இருந்து இறங்கி நடக்க நடக்க சோல் துண்டு துண்டா உடைஞ்சு விழுந்திட்டுது. ஏமாத்திப்போட்டாங்களா?

பதில்: ஏமாத்தின எண்டு உடன சொல்லேலாது. கன சப்பாத்தின்ர சோல் பொலியூரிதேன், பியூ எண்டு சொல்லுறது. அது காத்தில இருக்கிற ஈரத்தோட சேர்ந்து உள்ளுக்குள்ளயே மெல்ல உடையும், கொழும்பு மாதிரி ஈரம் கூடின ஊர்ல இன்னும் கெதியா. வெளியால பார்த்தா புதுசு, உள்ளுக்க மாவு. பெட்டியில பூட்டி வச்சா அந்த ஈரம் போக வழியும் இல்ல. அதால எங்கட ஊர்ல சப்பாத்தைப் பவுத்திரமா வைக்கிறதுதான் அதைக் கொல்லுறது. வாங்கினா போடுங்கோ, அடிக்கடி போடுங்கோ, பெட்டிக்கு வெளியால காத்துப்படுற இடத்தில வையுங்கோ.

திடீர்ப் பயணத்துக்கெண்டா ரப்பர் சோல் இல்லாட்டி ஈவிஏ சோல் கேட்டு வாங்குங்கோ, அதுகளுக்கு இந்த வருத்தம் இல்ல. ஈவிஏ எண்டா கையில தூக்கினா பாரமே தெரியாது, நகத்தால அமத்தினா கொஞ்சம் உள்ள போய் திரும்பி வரும். ஸ்வேட் தோல் வேண்டாம், கடல் மண்ணும் மழைத்தண்ணியும் பட்டா முடிஞ்சுது. பின்வார் வச்ச செருப்பு ஒண்டு இருந்தா பாதிப் பயணத்துக்குக் காணும்.

கேள்வி: அண்ணாமாருக்கு எழுதுறியளோ தெரியாது, நான் கொட்டாஞ்சேனைப் பொடியன். நாங்கள் அஞ்சுபேர், சனிக்கிழமை இரவு திடீரெண்டு காலி, ஹிக்கடுவ எண்டு வெளிக்கிடுவம். நான் எப்பவும் ஸ்லிம் ஜீன்ஸ்தான், ஆனா கார்ல ரெண்டு மணித்தியாலம் இருந்தா இடுப்பு வெட்டுது. சோர்ட்ஸ் போட்டா வழியில கோயில், விகாரை எண்டு யாராவது இறங்குவாங்கள். என்ன செய்யலாம்?

பதில்: எழுதுறன் தம்பி, அக்காமாரை விட நீங்கள்தான் கூடக் காசை வீணாக்கிறியள்.

ஜீன்ஸைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பார்த்து வாங்கிறதுதான் பிரச்சினை. ஃபிட்டிங் ரூமுக்குள்ள குந்திப் பாருங்கோ, முக்காலி இருந்தா இருந்து பாருங்கோ, ஃபோனைப் பொக்கட்டுக்குள்ள வச்சுக்கொண்டு. இருக்கேக்க இடுப்புக்குள்ள ரெண்டு விரல் போகவேணும், ஃபோன் சீட்டுக்க விழக்கூடாது. டெனிமின்ர பாரத்தை அவுன்ஸ்ல சொல்லுவினம், 14 அவுன்ஸ் எல்லாம் குளிர் நாட்டுக்கு, எங்களுக்கு 8, 10 காணும். லேபல்ல எலஸ்டேன், அதாவது இழுபடுற நூல், 2 வீதம் அளவில இருந்தா காலை மடக்க சுகம், அதுக்கு மேல போனா முழங்கால் பக்கம் பை மாதிரி தொய்யும். ஆனா கடலுக்குப் போற உங்களுக்கு ஜீன்ஸே தேவையில்ல எண்டுதான் நான் சொல்லுவன், நனைஞ்சா விடியும்வரைக்கும் காயாது, அதோட கார் சீட்டும் நாறும். மெல்லிய கொட்டன் சினோ பான்ட் ஒண்டு, கடும் பச்சை இல்லாட்டி காக்கி, அது ஹைவேயில வெலிபென்னயில இறங்கித் தேத்தண்ணி குடிக்கவும் சரி, காலிக் கோட்டையில நடக்கவும் சரி.

சோர்ட்ஸ் போட ஆசையெண்டா டிக்கியில ஒரு சாரம் கிடக்கட்டும். முழங்காலை மூடலாம், கடற்கரையில உடுப்பு மாத்தலாம், நனைஞ்சவன் ஏறமுதல் சீட்டில விரிக்கலாம். தலதா மாளிகை மாதிரி இடங்கள்ல தோளும் முழங்காலும் மூடியிருக்கவேணும், அதால கையில்லாத பெனியனோட போறவனுக்கும் ஒரு சேர்ட் மேலதிகமா வேணும். சாரம் வாங்கேக்க கொட்டனா பாருங்கோ, பொலியெஸ்டர் கலந்தது இடுப்பில நிக்காது, பப்ளிக்கில மானம் போகும்.

கேள்வி: மஹரகமப் பக்கம் பமுனுவ உடுப்புக் கடையள்ல மலிவு எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், மோல்ல வாங்கிறதும் அதே உடுப்புத்தானாம். உண்மையா?

பதில்: சிலது உண்மை. இங்க கார்மென்ட்ஸ்ல வெளிநாட்டுக்குத் தைக்கிறதில மிஞ்சினதும் கழிச்சதும் வெளியால வரும், லேபலை வெட்டியோ குறுக்கால கீறியோ இருக்கும். மிஞ்சினது எண்டா உங்கட அதிர்ஷ்டம், கழிச்சது எண்டா ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் கழிச்சிருப்பினம், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறது உங்கட வேலை. உடுப்பின்ர ரெண்டு கையையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுப் பாருங்கோ நீளம் சரியோ எண்டு, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கலரோ எண்டு வெளியில கொண்டுவந்து பாருங்கோ, சிப்பை ரெண்டுதரம் இழுங்கோ, தையலை ரெண்டு பக்கமும் பிடிச்சு மெல்ல இழுத்தா ஊசி ஓட்டை தெரியுதோ எண்டு பாருங்கோ. லேபல்ல இருக்கிற சைஸை நம்பவேண்டாம். வீட்டில சரியா இருக்கிற ஒரு டீசேர்ட்டின்ர நெஞ்சளவை அங்குலத்தில ஃபோன்ல எழுதிக்கொண்டு போங்கோ. கொழும்புக் கோட்டையில 138 பஸ் ஏறினா மஹரகமவில இறங்கலாம், பமுனுவ அங்கதான். புறக்கோட்டைக்கெண்டா ஞாயிற்றுக்கிழமை போகாதேங்கோ, கன கடை பூட்டு.

கேள்வி: இன்ஸ்டாகிராம்ல ஒரு கடையில கோ-ஓர்ட் செட், மேலும் கீழும் ஒரே துணியில வாறது, ஓடர் பண்ணினன். படத்தில பச்சை, வந்தது வேற ஏதோ ஒரு கலர், துணியும் வேற. காசு குடுத்தபிறகுதான் பிரிச்சன். மெசேஜ் போட்டா பார்த்திட்டு விடுறாங்கள்.

பதில்: ஓடர் பண்ணினபோது வந்த படம், மெசேஜ், கூரியர் பில், வந்த உடுப்பின்ர படம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, அவங்கள் உங்களை ப்ளொக் பண்ணமுதல். பிறகு ஒரே ஒரு மெசேஜ், கோவப்படாம: இன்ன திகதி ஓடர், இன்னது வந்தது, மாத்தித் தரவேணும் இல்லாட்டி காசு வேணும். சரிவரேல்ல எண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு, நம்பர் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில குடுக்கவேணும், வாங்கி 3 மாசத்துக்குள்ள, அதால பிறகு பாப்பம் எண்டு விடாதேங்கோ. பில் கேட்டா தரவேணும் எண்டதும் அதே சட்டத்தில இருக்கு, கேக்காமல் விடுறது நாங்கள்தான்.

இனிமேல் வாங்கேக்க, துணியின்ர பேர் என்ன எண்டு கேளுங்கோ, வெயிலில எடுத்த படம் ஒண்டு அனுப்பச் சொல்லுங்கோ. "நல்ல துணி டியர்" எண்டு பதில் வந்தா அந்தக் கடை வேண்டாம்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு நுவரெலியா போவம் எண்டு முடிவெடுக்கிற கூட்டம் எங்கட. குளிர் உடுப்பு வாங்கவேணுமா?

பதில்: நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரைப் பாகை குறையும், அப்ப கொழும்பை விட 12 பாகை குளிர் எண்டு வையுங்கோ, தை மாச விடியப்பறம் இன்னும் கூட. தடிச்ச கொட்டன் ஹூடி வாங்காதேங்கோ, பனியில ஈரமானா குளிரைக் கூட்டும். மெல்லிய ஃப்ளீஸ் ஜக்கெட் ஒண்டு காணும், சுருட்டி சீட்டுக்குக் கீழ தள்ளலாம். இல்லாமப் போனாலும் பயமில்ல, டவுனில பேல் பசார் எண்டு ஜக்கெட் விக்கிற கடையள் வரிசையா இருக்கு, ஆனா விடியச் சாமம் போய்ச் சேருற ஆக்களுக்கு அது திறக்கும்வரைக்கும் நடுங்கத்தான் வேணும்.

கேள்வி: பைக்கில பின்னால இருந்து போகேக்க சல்வார் போடலாமா?

பதில்: போடலாம், துப்பட்டாவை வீட்டில வையுங்கோ. தொங்கிற துப்பட்டா பின் சில்லுக்க சுத்தினா கழுத்தை இழுக்கும். தொளதொள பலாசோ பான்டும் அதே கணக்குத்தான். கணுக்காலோட ஒட்டின பான்ட், மூடின சப்பாத்து, மழைக்கெண்டா நீட்டுப் போன்சோ இல்லாம மேலும் கீழும் வேறவேறயா இருக்கிற ரெயின்கோட். பைக்குக்கு ஹைவேயில அனுமதி இல்ல, காலிப் பக்கம் போறதெண்டா காலி றோட்டாலதான் போகவேணும், அதால புகை பட்டாலும் தெரியாத மாதிரி கடும் கலர்ல எடுங்கோ.