வாசலில் 'துப்பாக்கி உண்டு' என்று பலகை மாட்டலாமா?

கேள்வி: எங்கள் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டுப் போய்விட்டது. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, வாசலில் அறிவிப்பும் மாட்டினால் எவனும் அண்டமாட்டான் என்கிறார் நண்பர். எனக்கு உரிமம் கிடைக்கும். ஆனால் 9, 15 வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மனைவிக்கும் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பலகை கட்டாயம் வேண்டாம்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 1980களில் ஜேம்ஸ் ரைட், பீட்டர் ராஸி என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் விசாரித்தார்கள். குற்றவாளிகளுக்குப் போலீஸைவிட ஆயுதம் வைத்திருக்கும் ஆளிடம் சிக்குவதில்தான் பயம் அதிகம் என்பதைப் பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பயம் திருடனைத் திருட்டையே கைவிட வைப்பதில்லை; ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வர வைக்கிறது. அப்போது உங்கள் துப்பாக்கியே அவனுக்கு நல்ல வேட்டை: சிறியது, விலை உள்ளது, சுலபமாகக் கைமாறும். துப்பாக்கி அதிகம் புழங்கும் அமெரிக்க மாவட்டங்களில் வீடு புகுந்து திருடுவது குறைவாக இல்லை, சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது என்று பிலிப் குக், ஜென்ஸ் லுட்விக் ஆய்வு காட்டியது.

வீட்டில் ஆள் இருக்கும்போது வந்தால்? இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் சத்தம். தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைப் பெட்டகத்திலும் பூட்டி வைத்திருந்தால், நடுங்கும் விரல்களால் எண்களை அழுத்தித் திறந்து, நிரப்பி எடுப்பதற்குள் நேரம் போய்விடும். நிரப்பியே தலைமாட்டில் வைத்தால் அது பிள்ளைகள் கைக்கும் எட்டும். இரண்டுக்கும் நடுவே பத்திரமான வழி ஒன்றை நான் பார்த்ததில்லை. இருட்டில் தெரியும் உருவம் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாகவும் இருக்கலாம். குறி தவறிய தோட்டா மெல்லிய தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த 15 வயதுப் பிள்ளையைப் பற்றித்தான். கலிஃபோர்னியாவில் சுமார் 2.6 கோடிப் பெரியவர்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு இருந்தது. மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மனம் மாற அவகாசமே கிடைப்பதில்லை. பதின்ம வயதினருக்கு அப்படிப்பட்ட கணங்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அந்தப் பணத்தைக் கதவில் போடுங்கள். பல வீடுகளில் பூட்டு உறுதியாக இருக்கும். பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடோ நிலையில் அரை அங்குலத் திருகாணியில் தொங்கும். ஓங்கி ஓர் உதை விட்டால் தகடு பிய்ந்துவிடும். மரநிலையானால் மூன்று அங்குலத் திருகாணி போட்டு, நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள கட்டைவரை இறக்குங்கள்; கீல்களுக்கும் அப்படியே. பின்வாசலை மறக்காதீர்கள். ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, அலாரம், வெளியூர் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் ஒருவர். உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறையைத் தேர்ந்து, சத்தம் கேட்டால் எல்லோரும் அங்கே போய்ப் போலீஸை அழைப்பது என்று பிள்ளைகளோடு இப்போதே பேசி வையுங்கள்.

இதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், தற்காப்புக்காகச் சுட உங்கள் நாட்டுச் சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள். பல நாடுகளில் பொருளைக் காப்பாற்ற மட்டும் ஒருவரைச் சுட்டால் கொலை வழக்கு உங்கள் மேல்தான் பாயும். பயிற்சியை ஒரு நாளோடு நிறுத்தாதீர்கள். மனைவி மனதார ஒப்புக்கொள்ளும்வரை வாங்கவே வேண்டாம். நீங்கள் வீட்டில் இல்லாத நாளெல்லாம் அந்தப் பெட்டகத்துக்குக் காவல் அவர்தான்.