கடலையில் இலை கொட்டுகிறது, பருத்தியில் காய்ப்புழு: அறுவடையைத் தள்ளிப் போடலாமா?

நீங்கள் கேட்டது இரண்டு வயலைப் பற்றி. கொத்து ரக நிலக்கடலைக்கு 95 நாள் ஆகிறது, இலையில் கரும்புள்ளி ஏறிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது, 110 நாள் வரை விடலாமா என்பது ஒன்று. பருத்தியில் இரண்டு முறை பஞ்சு எடுப்பு முடிந்து காயில் இளஞ்சிவப்புப் புழு தெரிகிறது, இன்னும் ஒரு மருந்தடித்துக் கடைசி எடுப்பு வரை ஓட்டலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயிர் வைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடலையைச் செடி பிடுங்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள், பருத்தியை முடித்துவிடுங்கள்.

முதலில் கடலை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். புள்ளி அங்கே கன்னங்கரேலென்று இருந்தால் பின்பருவ இலைப்புள்ளி. மேலே மஞ்சள் வளையமும் அடியில் பழுப்பு நிறமுமாக இருந்தால் முன்பருவ இலைப்புள்ளி. விரலால் தேய்க்கும்போது ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் அது துரு நோய். துருவில் காய்ந்த இலை செடியிலேயே தொங்கும்; புள்ளி நோயில் இலை கொட்டிவிடும். உங்களுக்குக் கொட்டுகிறது என்பதுதான் கவலை. மேங்கோசெப், குளோரோதலோனில் போன்றவை நோய் ஏறும் முன்பே இலைமேல் இருக்க வேண்டிய காப்பு மருந்துகள். பாதி இலை போன பிறகு அடித்தால் போன இலை திரும்பாது. அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி நாள் என்று டப்பாவில் போட்டிருப்பதும் இடிக்கும்.

இலை போனால் என்ன, காய் மண்ணுக்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். காயைச் செடியோடு பிடித்து வைத்திருப்பது அந்த மெல்லிய விழுது. இலை கொட்டிய செடியில் அது சீக்கிரம் நைந்துபோகும். அதனால் வயலின் நான்கைந்து இடத்தில் செடியைப் பிடுங்கி, குழியைக் கையால் கிளறி, எத்தனை காய் அறுந்து உள்ளே நின்றுவிட்டது என்று பாருங்கள். அடித்தண்டையும் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து கடுகு மாதிரி உருண்டைகள் இருந்தால் தண்டழுகல். அது விழுதையே அழுக வைக்கும்.

அப்புறம் காயை உடையுங்கள். இளங்காயின் ஓட்டு உட்புறம் வெள்ளையாக, பஞ்சு போல மெத்தென்று இருக்கும். முற்றிய காயில் அதே இடம் பழுப்பேறி, கருப்புத் திட்டுகளோடு ஒட்டி மெலிந்திருக்கும். பருப்புத் தோலும் நிறம் கட்டியிருக்கும். ஓட்டின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டியும் பார்க்கலாம். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கருப்பு என்று உள்ளடுக்கு வயதுக்கு ஏற்ப நிறம் மாறிக்கொண்டே போகும். நான்கில் மூன்று காய் உள்ளே கருத்திருந்தால் நாள் கணக்கைப் பார்க்காமல் பிடுங்கலாம். அந்த அளவு வராவிட்டாலும், பாதிக்கு மேல் இலை கொட்டி, இழுத்தால் காய் மண்ணில் தங்குகிறது என்றால் அப்போதும் பிடுங்குவதே மேல். இளங்காயில் கொஞ்சம் எடை குறையும். அறுந்த முற்றிய காய் மொத்தமாகப் போய்விடும். கொத்து ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். முற்றிய நேரத்தில் மழை பிடித்தால் மண்ணிலேயே முளைத்துவிடும்.

கடைசி 3 முதல் 6 வாரம் மண் காய்ந்து சூடாகக் கிடந்திருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அப்போதுதான் காயில் ஏறி அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். கறையான் கடித்த காய், வெடித்த காய், சுருங்கிய காய் எல்லாவற்றையும் தனியாகப் பொறுக்கிவிடுங்கள். மீதியைக் குவித்து வைக்காமல் பரப்பிக் காயப்போடுங்கள். பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே மூட்டை கட்டுங்கள். இதில் அவசரப்படவே கூடாது. சாப்பிடுகிறவர்களின் ஈரலுக்குப் போகும் நஞ்சு அது.

பருத்திக்கு வருவோம். முட்டையிலிருந்து வரும் புழு சீக்கிரமே காய்க்குள் போய்விடும், துளையும் மூடிக்கொள்ளும். வெளியே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. மருந்துக்கான காலம் இதற்கு முன்பே. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தாலோ, 20 பச்சைக் காயைப் பிளந்தால் இரண்டில் உயிருள்ள புழு இருந்தாலோ அடிக்க வேண்டும். இதழ் விரியாமல் நுனியில் பின்னிக்கொண்ட பூக்களும் அதற்கான அறிகுறிதான். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ பெருகும். அதன் இனிப்புக் கழிவு வெடித்த பஞ்சில் விழுந்து பிசுபிசுக்கும், கரும்பூஞ்சையும் படரும். நல்ல பஞ்சும் விலை இறங்கும்.

மேல் கிளையில் நிற்கும் காய் தேறுமா என்று தெரிய, ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். கத்தி வழுக்கிப் பஞ்சு நூலாக இழுபட்டு, விதைத் தோல் பழுப்பாக இருந்தால் முற்றிய காய், வெடிக்கும். சுத்தமாக அறுபட்டு விதைக்குள் கூழ் இருந்தால் அதற்கு இன்னும் பல வாரம் வேண்டும், அதற்குள் புழு தின்றுவிடும். தேறுவதை மட்டும், பனி ஈரம் காய்ந்த பிறகு எடுங்கள். கறைப் பஞ்சை முதல் எடுப்போடு கலக்காதீர்கள். பிறகு மாரை, அதாவது எடுப்பு முடிந்த பருத்திச் செடியை, அறுத்து, கொட்டாமல் நிற்கும் காயோடு உடனே அழித்துவிடுங்கள். இரண்டு விதையை ஒன்றாகப் பின்னி அதற்குள் புழு உறங்கிக் கிடக்கும். அடுத்த பயிருக்கு வருவது அதுதான். களத்து மூலையில் மாரை அடுக்கி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதே.

அடுத்த பட்டத்தில் இரண்டு வயலையும் மாற்றி வையுங்கள். கடலை இலைப்புள்ளிப் பூஞ்சை கடலைக் கழிவில்தான் தங்கும், பருத்திக்கு வராது. வேரில் முடிச்சு விழவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவிலும், பருத்திக்கு உரியது கடலையில் பிழைக்காது, கடலைக்கு உரியது பருத்தியில் பிழைக்காது. ஆனால் இலை தின்னும் புரோடீனியா புழுவும் பச்சைக் காய்ப்புழுவும் இரண்டையும் தின்னும். மாற்றி வைத்தாலும் இந்த இரண்டுக்காக வாரம் இருமுறை வயலில் இறங்கி இலையைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.