பிக்கப் வண்டிக்குத் தட்டை மேடை: எந்த உலோகம், எப்படிப் பொருத்துவது?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் புல்வெட்டும் குத்தகைத் தொழில் செய்கிறேன். என் ஹைலக்ஸ் சிங்கிள் கேப் வண்டியின் பின்தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, மூன்று பக்கமும் திறக்கும் தட்டை மேடை போட எண்ணுகிறேன். இயந்திரங்களும் வெட்டிய புல்லும் ஏற்றுவேன். சில நாள்களில் மண்ணும் மணலும் உண்டு. இரும்பு, அலுமினியம், பலகை, இவற்றில் எது நல்லது?

பதில்: உங்கள் தொழிலுக்கு அலுமினியமே ஏற்றது என்பது என் கருத்து. 2.1 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்ட மேடையின் தளத்திற்கு 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போட்டால் அந்தத் தகடு மட்டுமே ஏறக்குறைய 90 கிலோ வரும். அதே தடிமனில் அலுமினியம் 30 கிலோவைச் சற்றே தாண்டும். மேடையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றும் சரக்குக்குக் கிடைக்கிறது. ஈரப்புல் நாள் முழுதும் ஒட்டிக் கிடப்பதாலும், கடற்காற்று ஓயாமல் வீசுவதாலும், சாயம் உரிந்த இரும்பு உங்கள் ஊரில் நெடுநாள் தாங்காது. கெருயிங் மரப் பலகை உறுதியானது, பழுதானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மண்வெட்டியால் மணலை வழித்தெடுக்க அதன் இடுக்குகள் தொல்லை தரும்.

அலுமினியத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. அது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசியை நேரடியாகத் தொட்டு, இடையில் உப்பு நீரும் தங்கினால், அலுமினியம் அரித்துப் பொடியாகத் தொடங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டையும், போல்ட்டுகளுக்கு நைலான் வாஷரும் வைக்கச் சொல்லுங்கள். பழைய தொட்டி உட்கார்ந்திருந்த துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சேசியில் வெல்டிங் வைக்கப் பட்டறைக்காரர் முனைந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், ஏனெனில் சூடு பட்ட இடத்தில் சட்டம் வலுவிழந்து, பிறகு அங்கேயே வெடிப்பு விடக்கூடும்.

பக்கக் கதவுகளின் உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 30 சென்டிமீட்டர் உயரக் கதவுக்குச் சமமாக ஈர மணலை நிரப்பினால் அது ஏறத்தாழ இரண்டு டன். உங்கள் வண்டியின் தாங்குதிறனோ ஒரு டன்னை ஒட்டியது. வண்டிப் பதிவில் உள்ள வெற்று எடையையும் சுமையுடன் கூடிய எடையையும் பார்த்துக் கணக்கிட்டு, மணலுக்கான எல்லையைக் கதவின் உட்புறத்தில் சாயத்தால் கோடாகப் போட்டு வையுங்கள். சுமையின் பெரும்பகுதி பின் அச்சுக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னால், கூரை உயரத்திற்கு ஒரு தடுப்புச் சட்டம் கட்டாயம் வேண்டும்; திடீர் பிரேக்கில் புல்வெட்டும் இயந்திரம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வராமல் அதுவே காக்கும். கயிறு கட்டும் வளையங்களை மேடையின் அடிச்சட்டத்தோடு இணையுங்கள், தகட்டோடு அல்ல. எண்ணெய் ஊற்றும் குழாய் வாய், மட்கார்டு, பின்விளக்குகள், எண்பலகை விளக்கு ஆகியவற்றுக்குப் புதிய இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வண்டியின் உடலமைப்பை மாற்றுவதால் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும், புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனையும் தேவைப்படும். பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே வரைபடத்துடன் ஜேபிஜே அலுவலகத்திற்குச் சென்று விசாரியுங்கள்.