விரால், ரோகு மீன்களின் குடல் திசு அமைப்பை ஒப்பிடும் முதுகலை ஆய்வு எளிதானதா?

எளிது என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். விலங்கியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைக் கோடையில் மீன்பிடிக்க அழித்த அன்று, ஊத்தா என்னும் கூடைப்பொறியில் சிக்கிய இரண்டு விராலையும் இரண்டு ரோகுவையும் ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை இருப்பதால், சாக்கைப் பிரித்ததும் விரால் துள்ளியது; ரோகுவோ கரையிலேயே செத்திருந்தது. நான்கையும் அறுத்து, திசு கெடாமல் காக்கும் மஞ்சள் நிறப் பவுயின் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, 5 மைக்ரான் தடிமனில் சீவினேன். சித்திரை வெக்கையில் மெழுகு நாடா, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியின் கத்தியோடு ஒட்டிக்கொண்டதால், விடியற்காலையில், மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டிமேல் வைத்து எடுத்துத்தான் சீவ முடிந்தது.

பிற மீன்களை இரையாகத் தின்னும் விராலின் இரைப்பைச் சுவரில் சுரப்பிகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. கெண்டை இனமான ரோகுவுக்கு இரைப்பையே கிடையாது. குடலின் முன்பகுதி குமிழ்போலப் பருத்திருக்கும், அதில் அமிலச் சுரப்பிகள் இரா. மீன் கழுவியே பழகிய என் அப்பத்தா, "கெண்டைக்கு ஏதுடா இரைப்பை, எல்லாம் குடல்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதுவரை சரி. ஆனால் ரோகுவின் குடல் மடிப்புகளில் மேலடுக்குச் செல்கள் உரிந்து குடலின் உள்வெளியில் மிதந்ததையும் இன வேறுபாடென்று இரண்டு பக்கம் எழுதிவைத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "செத்து எவ்வளவு நேரம் கழித்து அறுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உயிர் போனதும் செரிமான நொதிகள் குடலையே கரைக்கத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு பக்கங்களிலும் ஓர இடைவெளியை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டவர் என் வழிகாட்டி என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

நான்கு மீனை அறுத்தவன் அறிவுரை சொல்வதா என்று சிலர் கேட்கக்கூடும். நான் நிபுணனல்லன், கெட்டுப்போன திசுச் சீவல்களை நேரில் பார்த்தவன், அவ்வளவுதான். குடலின் முன்பகுதியை முன்பகுதியோடும் பின்பகுதியைப் பின்பகுதியோடும் ஒப்பிடுங்கள். இரை தின்ற மீனையும் பட்டினி கிடந்த மீனையும் கலக்காதீர்கள். சந்தை மீனை வாங்க வேண்டாம். ரோகு உங்கள் ஆய்வகம்வரை உயிரோடு வராது; கரைசல் புட்டியை நீங்கள்தான் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.